முப்பத்தைந்தோடு நாற்பதைக் கூட்டினால்: சிறுவர் வாழ்க்கை வரலாறு பதிப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் சிறுவர் நூல் பதிப்பிக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் நூல் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

வ.உ.சி.யைப் பற்றி எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கென்று வந்த நூல் எதையாவது எடுத்துப் புரட்டுங்கள். வெள்ளைக்கார நீதிபதி நாற்பது ஆண்டு தண்டனை விதித்தார் என்றொரு வரி வரும். அடுத்த பத்தியில் செக்கிழுப்பார். அதற்கடுத்த பத்தியில் காலமாகிவிடுவார். பிறந்தது 1872 செப்டம்பர் 5. நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னது 1908 ஜூலை 7. அன்றைக்கு வ.உ.சி.க்கு வயது 35. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 35-ஓடு 40-ஐக் கூட்டினால் 75 வருகிறது. கடைசிப் பக்கத்திலோ 1936 நவம்பர் 18-இல், 64 வயதில், தூத்துக்குடியில் இறந்தார் என்று போட்டிருக்கிறது. “அப்போ ஜெயிலுக்குள்ளயா சார் செத்தாரு?” என்று பிள்ளை கேட்டால் வாத்தியார் முழிக்க வேண்டியதுதான்.

தண்டனை நாற்பது ஆண்டு என்பது சரிதான். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20. மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. 1908 மார்ச் 12-இல் கைதானவர் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். உள்ளே இருந்தது நாலே முக்கால் ஆண்டு. இந்த இரண்டு வரியைப் போட இடமில்லாமல் போனதால் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 1912-க்கும் 1936-க்கும் நடுவில் 24 ஆண்டு. வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னது பறிபோய்விட்டது. சென்னையில் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவில் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். கப்பல் விட்டவர் கடையில் உட்கார்ந்த கதையும், வெள்ளைக்காரனை எதிர்த்தவர் ஒரு வெள்ளைக்காரர் பேரைப் பிள்ளைக்கு வைத்த கதையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எவ்வளவு யோசிக்க வைக்கும்! நம் நூல்களில் இது அரைப்பக்கம் கூடத் தேறாது.

ஏன் தேறுவதில்லை என்பது அச்சகத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். டெமி அளவில் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒன்றாகச் சேர்த்து அச்சடிக்கிற பக்கத் தொகுதி. சிறுவர் நூல் என்றால் மூன்று பாரம், 48 பக்கம். எழுதுகிறவர் பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு என்று ஒழுங்காகத் தொடங்குவார். இருபத்தைந்தாம் பக்கத்தில் கப்பல் வரும், முப்பத்தெட்டில் சிறை வரும். கையெழுத்துப்படி 52 பக்கம் ஓடிவிட்டால் நாலு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போட யாருக்கும் மனசு வராது. வெட்டு எங்கே விழும்? கடைசியில்தான். ஆகவே பக்கத்தை முதலில் பங்கு வையுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள். 48-இல் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், காலவரிசை, படம் கிடைத்த இடம் இவற்றுக்கு ஆறு போனால் மிச்சம் 42. வ.உ.சி. என்றால் இளமைக்கு 8, வக்கீல் தொழிலுக்கு 4, கப்பலுக்கும் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கும் 12, வழக்குக்கும் சிறைக்கும் 8, விடுதலைக்குப் பிந்தைய வாழ்வுக்கு 10. இந்தப் பங்கீட்டை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் கடைசி வெட்டுக்கு வேலையே வராது.

இந்த மடலில் நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒரே ஒரு தாள். காலக்கணக்குத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுக்குவாட்டில் கோடு கிழித்து நாலு பத்தி போட்டால் போதும்: தேதி, நடந்தது, அப்போது வயது, இந்தச் செய்தி எதிலிருந்து எடுத்தது. 48 பக்க நூலுக்கு முப்பது, நாற்பது வரி வரும். எழுதத் தொடங்கும் முன்பே இதை நிரப்பவேண்டும். எழுதி முடித்தபின் நிரப்பினால், எழுதியதற்கு ஏற்ற மாதிரி தேதி தேடுகிற புத்தி வந்துவிடும். நாலாவது பத்தியில் இன்னொரு சிறுவர் நூலின் பேர் இருக்கக்கூடாது. ஒரு நூலைப் பார்த்து இரண்டாவது, அதைப் பார்த்து மூன்றாவது என்றுதான் பிழைகள் தலைமுறை தாண்டுகின்றன. தேர்வுக்குழுவினர் நூலோடு இந்தத் தாளையும் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

தேதியில் எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். பழைய குறிப்புகளில் தமிழ் வருடமும் மாதமும் இருக்கும். பாரதி பிறந்தது சித்திரபானு வருடம் கார்த்திகை 27, அதாவது 1882 டிசம்பர் 11. வருடப் பேர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவதால் 1942-உம் சித்திரபானுதான். அவசரத்தில் பஞ்சாங்கம் பார்ப்பவர் அறுபது ஆண்டு தள்ளிப் போய் விழுவார். இன்னொரு வழுக்கல்: தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் அதே சித்திரபானுவின் மாசி, பங்குனி எல்லாம் 1883-இல் சேரும். அதை 1882 என்று போட்டுவிட்டால் வயதுக் கணக்கு ஒன்று குறையும்.

நள்ளிரவு தாண்டிய மரணம் தனி வம்பு. பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 இரவு. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டதால் ஆங்கிலக் கணக்குக்கு 12. நினைவு நாள் 11-இல் கொண்டாடுகிறோம். ஒரே நூலில் உள்ளே 12, பின்னட்டையில் 11 என்று அச்சாகிற கூத்து இதனால்தான். ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று ஒரு முறை எழுதி, அதையே எல்லா இடத்திலும் வையுங்கள்.

யானைக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியைத் தள்ளியது உண்மை. அதனால் இறந்தார் என்பது பிழை. யானை தள்ளிய பிறகு அவர் தேறி எழுந்தார், சுதேசமித்திரன் வேலைக்குப் போனார், பிற்பாடு ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய் மனிதனுக்கு மரணமில்லை என்று பேசிவிட்டும் வந்தார். உயிரைக் கொண்டுபோனது செப்டம்பரில் வந்த வயிற்றுக்கடுப்பு. காலக்கணக்குத் தாளில் யானை, ஈரோடு, மரணம் மூன்றையும் வரிசையாக எழுதினாலே இந்தப் பிழை நிற்காது. யானை மிதித்து இறந்த கவிஞன் என்றால் கதைக்கு எடுப்பாக இருக்கிறது, அதனால் யாரும் விட மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது வசனம். கட்டபொம்மன் நூல் எதை எடுத்தாலும் 1798 செப்டம்பர் 10 ராமநாதபுரம் சந்திப்பு வந்ததும் எழுத்தாளர் கை தானாகவே 1959-இல் வந்த சினிமாவுக்குப் போய்விடுகிறது. கலெக்டர் ஜாக்சன் முன்னால் அவர் முழங்குவதெல்லாம் வசனகர்த்தா எழுதிக் கொடுத்தது. அது நல்ல வசனம், மேடையில் பேசட்டும், பரிசு வாங்கட்டும். வரலாற்று நூலில் மேற்கோள் குறிக்குள் வரக்கூடாது. நாங்கள் கடைப்பிடிக்கும் வழி இது: பதிவில் உள்ள பேச்சுக்கு மட்டும் மேற்கோள் குறி. ஊரில் வழங்குவதற்கு ‘என்று சொல்கிறார்கள்’. எழுதுகிறவர் ஊகித்ததற்கு ‘இப்படி நினைத்திருக்கலாம்’. மூன்றையும் ஒன்பது வயதுப் பிள்ளை பிரித்துப் புரிந்துகொள்ளும். கதையைக் குறைக்கவும் வேண்டாம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதைச் சொல்லும்போது எந்த வசனத்தையும் விட அந்தச் சம்பவமே விறுவிறுப்பு. பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு அது தன் ஊரில் நடந்தது வேறு. பூலித்தேவன் கதையில், சங்கரன்கோவில் சன்னதிக்குள் போனவர் மறைந்துவிட்டார் என்பது மக்கள் நம்பிக்கை. நம்பிக்கை என்று சொல்லியே அதை எழுதலாம், அழகாகவே இருக்கும்.

நடையைப் பற்றிக் கொஞ்சம். எட்டு முதல் பத்து வயதுக்கு ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல், மிஞ்சினால் பத்து. நம்மவர்கள் ‘சென்று, கண்டு, வணங்கி, பெற்று, திரும்பி வந்து’ என்று வினையெச்சத்தை ஐந்தாறு கோத்துவிடுவார்கள். முற்று வருவதற்குள் யார் போனார் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும். இரண்டு எச்சத்துக்கு மேல் வந்தால் வாக்கியத்தை உடையுங்கள். ‘பிறந்தவராவார்’, ‘அழைக்கப்படலானார்’ எல்லாம் வேண்டாம். ‘அவர்’ என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். வ.உ.சி.யும் சிவாவும் ஒரே பத்தியில் இருந்தால் இரண்டு பேருமே ‘அவர்’. பேரைத் திரும்பச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. ஐந்து வயதில் ‘வ.உ.சி. அவர்கள் கோலி விளையாடினார்கள்’ என்று மரியாதை கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘சிறுவன் சிதம்பரம் விளையாடினான்’ என்று எழுதுங்கள், பள்ளிப்படிப்பு முடிந்ததும் ‘ஆர்’ விகுதிக்கு மாறுங்கள். இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் சுளிக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்று எதை மறைக்கிறோம் என்பது கடினமான இடம். பாரதிக்குக் கல்யாணம் 1897-இல். மாப்பிள்ளைக்கு 14, கடையத்துச் செல்லம்மாவுக்கு 7. நூல்கள் ‘செல்லம்மாவை மணந்தார்’ என்று தாண்டிப் போகின்றன, படம் போடுகிறவர் இருபது வயது மணப்பெண்ணை வரைந்துவிடுகிறார். வயதைப் போடுங்கள். கூடவே ஒரு வரி: அந்தக் காலத்தில் குழந்தைத் திருமணம் வழக்கமாக இருந்தது, 1929-இல் வந்த சாரதா சட்டம்தான் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வரம்பு வைத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். வாஞ்சிநாதன் விஷயம் அப்படி ஒரு வரியில் அடங்காது. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ், துப்பாக்கி எல்லாம் எழுதுகிறோம். சட்டைப்பையில் இருந்த கடிதத்தை மட்டும் கத்தரித்துப் போடுகிறோம், ஏனென்றால் அதில் நாட்டுப்பற்றோடு மத, சாதி வெறுப்புச் சொற்களும் கலந்திருக்கின்றன. பத்து வயதுக்கு வாஞ்சி நூலே தேவையா என்பதில் எங்களுக்கு ஐயம் உண்டு. பதினாலுக்கு மேல் என்றால் கடிதத்தை முழுசாகப் போட்டு, பக்கத்திலேயே விளக்கமும் போடவேண்டும். நடுவில் ஒரு வழி இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

சாதிப் பேச்சை எடுத்தபின் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கையில் கட்டும் கயிற்றின் நிறம் பார்த்துப் பிள்ளைகள் பிரிந்து உட்காரும் பள்ளிகள் இந்தச் சீமையில் இருக்கின்றன. எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் யாருடைய கொடி என்று நம்மூர்க்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிவகாசிக்கு அட்டை போகும் முன் அந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். பேரின் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை, அன்றைய ஆவணத்தில் இப்படி இருந்தது என்று உள்ளே ஒரு இடத்தில் சொல்லிவிட்டு, மற்ற இடமெல்லாம் சுருக்கப் பேர் வையுங்கள். வரிசை நூலாகப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தக் கணக்கு வேண்டும். பேட்டையில் 1896-இல் பிறந்து அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத், இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளிக்கொண்டு வந்த கால்டுவெல், காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகசுரம், இவர்களுக்கெல்லாம் வரிசையில் இடம் இருக்கிறதா? பெண்கள் எத்தனை பேர்?

படங்களுக்கு வருவோம். ஓவியரிடம் ‘செக்கு’ என்று சொன்னால் இப்போதெல்லாம் பலர் திருகையை வரைகிறார்கள், சிலர் வண்டிச்சக்கரத்தையே வரைகிறார்கள். செக்கு என்பது குடைந்த உரல். உள்ளே ஓர் உலக்கை சாய்ந்து நிற்கும். உலக்கைத் தலையோடு பிணைத்த நீளமான மரம் தரையை ஒட்டி உரலைச் சுற்றிவரும், அதன்மேல் பாரம் ஏற்றியிருப்பார்கள். மரத்தின் முனையில் மாடு. கோவைச் சிறையில் மாடு நின்ற இடத்தில் வ.உ.சி. நின்றார். இதைப் படத்தில் காட்டாவிட்டால் பிள்ளைக்கு அந்தக் கொடுமை விளங்கவே விளங்காது. சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வ.உ.சி. இழுத்த செக்கு வைக்கப்பட்டிருக்கிறது, ஓவியர் ஒரு நடை போய்ப் பார்த்து வரட்டும். வ.உ.சி.யின் கம்பெனி விட்ட காலியாவும் லாவோவும் நீராவிக் கப்பல்கள், அவற்றுக்குப் பாய்மரம் மட்டும் வரைந்து புகைபோக்கியை விட்டுவிடக்கூடாது. எட்டயபுரத்தில் 11 வயதில் பாரதி என்ற பட்டம் வாங்குகிற பையனுக்கு மீசையும் முண்டாசும் வேண்டாம்.

பணக் கணக்கையும் படம் மாதிரிக் காட்டலாம். சுதேசி கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பிள்ளையே பெருக்கிப் பார்க்கட்டும். இன்றைய மதிப்பில் இத்தனை கோடி என்று மாற்றிப் போடாதீர்கள், ஆளுக்கு ஒரு கணக்கு வரும். அதே காலத்துக் கூலியோ அரிசி விலையோ ஆவணத்தில் கிடைத்தால் பக்கத்தில் வைத்தால் போதும்.

தன்வரலாறும் நினைவுக் குறிப்பும் இந்த வயதுக்கு ஏறாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வ.உ.சி. தம் கதையைத் தாமே அகவலாக எழுதி வைத்திருக்கிறார். முழுசாகக் கொடுத்தால் பிள்ளை ஓடிப்போகும். பத்துப் பன்னிரண்டு அடியாக எடுத்து, சீர் பிரித்து, எதிர்ப்பக்கத்தில் உரைநடையில் கதையைச் சொன்னால் பன்னிரண்டு வயதுக்குத் தாராளமாக ஏறும். புதுச்சேரியில் சிறுமியாக இருந்து பாரதியைப் பார்த்த யதுகிரி அம்மாளின் நினைவுகள் இருக்கின்றன. செல்லம்மா சொன்ன பாரதி கதை 1941-இல் நூலாக வந்தது. பெரிய மனிதரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பெண்டாட்டியும் எப்படிப் பார்த்தார்கள் என்பது வேறு எந்த வழியிலும் கிடைக்காத சரக்கு. உரிமை உள்ளவற்றுக்கு உரிமை கேட்டுச் சுருக்கிப் போடுங்கள். சுருக்கினால் ‘சுருக்கம்’ என்று அட்டையிலேயே சொல்லுங்கள்.

ஊர்க்காரர் நினைவுகளைத் தொகுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியிடம் போய் ‘உங்கள் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் ‘என்னத்தச் சொல்ல, கஷ்டம்தான்’ என்று முடித்துவிடுவார். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள். தளைநார் எதில் முறுக்கியது, எத்தனை நாள் தாங்கும்? பாளை அரிவாளை எதில் தீட்டுவீர்கள்? கலயத்தில் சுண்ணாம்பு கூடிப்போனால் பதநீர் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு எத்தனை மரம், ஒரு மரத்தில் எத்தனை தடவை? முதல் தடவை ஏறினபோது கீழே யார் நின்றார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கதை வெளியே வரும், ஆனால் முதல் நாலைக் கேட்காமல் அதைக் கேட்டால் வராது. பதிவு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

அச்சு வேலையில் சுருக்கமாக: எட்டு முதல் பத்து வயதுக்கு 16 புள்ளி எழுத்து, அதற்கு மேல் 13 அல்லது 14. தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. 60 போட்டால் படத்தின் கறுப்பு மறுபக்கம் தெரியும். 64 பக்கம் வரை நடுவில் கம்பித்தையல் போதும். அதற்கு மேல் போனால் நூல் தையல் போடுங்கள். வெறும் பசை பைண்டிங், நூலகத்தில் பிள்ளைகள் விரித்து மடக்கும் வேகத்துக்கு ஒரு பருவம் தாங்காது, நடுப்பக்கம்தான் முதலில் கழன்று வரும்.

அச்சுக்குப் போகும் முன், கையெழுத்துப்படியை அந்த வயதுப் பிள்ளைகள் மூன்று பேரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் உதவாதீர்கள். எங்கே திக்குகிறது, எங்கே ஒரு வரியை விட்டுத் தாண்டுகிறது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். இரண்டு பேர் திக்கிய வாக்கியத்தை மாற்றி எழுதவேண்டும். கேள்வி வந்த இடத்துக்குக் காலக்கணக்குத் தாளில் பதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தாளைச் சரிபார்த்துத் தர ஆள் வேண்டும் என்றால் கையெழுத்துப்படியோடு அனுப்பி வையுங்கள். 48 பக்க நூலுக்கு மூன்று வாரம் பிடிக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நூல் வரவேண்டும் என்றால் பொங்கலுக்கு முன்பே எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும், ஓவியருக்குத் திருத்தம் சொல்ல நேரம் வேண்டுமல்லவா. கூலி வேண்டாம். அச்சானதும் இரண்டு படி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சிறுவர் நூல்களைத் தொகுத்தும் திருத்தியும் வரும் சிலர்,
பாளையங்கோட்டை